நல்ல ஏரியாவில் முட்டையிட்ட குயில்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், இப்போது எல்லாக் காட்டிலும் இதே கூத்துதான், மரகதவல்லி என்றொரு குயில் இருந்தாள். முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதால் அவள் வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இல்லை, முட்டைக்கு.

குயில்கள் கூடு கட்டுவதில்லை. காக்காக் கூடாகப் பார்த்து, கூட்டுக்காரி அசந்த நேரத்தில் முட்டையை வைத்துவிட்டு நழுவிவிட வேண்டியது. அடைகாப்பது, ஊட்டுவது, பறக்கப் பழக்குவது எல்லாம் காக்காவின் தலையெழுத்து. மரகதவல்லி தன்னைப் பெற்றவளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும், "எங்கம்மா ஒரு குச்சியைக்கூட அலகால தொட்டதில்ல, தெரியுமா?" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். குடும்ப கௌரவம் என்றால் சும்மாவா!

அந்தக் காலத்துக் குயில்கள் வெகுளிகள். கண்ணில் பட்ட கூட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். மரகதவல்லி அப்படி இல்லை, விவரம் தெரிந்தவள். பிள்ளை எந்த ஏரியாவில் பொரிக்கிறது, பக்கத்தில் என்ன ஸ்கூல் இருக்கிறது, அக்கம்பக்கம் எப்படிப்பட்டவர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று நாலு பேர் சொல்லக் கேட்டு மண்டைக்குள் ஏற்றி வைத்திருந்தாள்.

"எங்கக்கா கதைய மறந்துட்டீங்களா?" என்றாள் புருஷன் கார்மேகத்திடம். "அவசரத்துல ஒரு மைனா கூட்டுல வச்சுட்டு வந்தா. இப்ப அந்தப் பய என்ன பண்றான்? எருமை முதுகுல உக்காந்து உண்ணி பொறுக்குறான். நம்ம வம்சத்துல எவனாவது எருமை மேல ஏறியிருக்கானா?"

கார்மேகம் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் உருப்படியாகச் செய்கிற வேலை அது ஒன்றுதான். "உன் இஷ்டம் மரகதம். கச்சேரிக்குப் போய்வரப் பக்கமா இருந்தா எனக்குச் சரி."

"உங்களுக்கு உங்க தொண்டைதான் பெருசு. எனக்கு என் பிள்ளை."

அவள் சொன்னதில் பொய்யில்லை. இந்த வருஷம் அவளுக்கு ஒரே ஒரு முட்டைதான் என்று உடம்பு சொல்லிவிட்டது. அந்த ஒன்று கெட்டுப்போய்விட்டால் என்று நினைத்தாலே அவளுக்கு அலகு உலர்ந்துபோகும்.

தரகர் ஓர் ஓணான். எதைக் கேட்டாலும் மேலும் கீழுமாகத் தலையாட்டுவார். ஓணான்களுக்குக் கழுத்தே அப்படித்தான். அதைச் சம்மதம் என்று நம்பி மோசம்போனவர்கள் அந்தக் காட்டில் ஏராளம்.

"நல்ல ஸ்கூல் பக்கத்துல இருக்கணும்" என்றாள் மரகதவல்லி. தரகர் தலையாட்டினார்.

"ஜனங்க ஒத்துமையா, ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருக்கணும்." ஆட்டினார்.

"ஆனா நம்ம விஷயத்துல யாரும் மூக்க நுழைக்கக் கூடாது." அதற்கும் ஆட்டினார்.

முதலில் அழைத்துக்கொண்டு போனது தவிட்டுக்குருவிகள் வசிக்கும் வேலிக்காத்தான் புதருக்கு. போய் இறங்கியதுமே மரகதவல்லிக்குத் தலைவலி வந்துவிட்டது. கூட்டம் கூட்டமாகத் தத்திக்கொண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, சந்தைக்கடை தோற்றது போங்கள். ஒரு தவிட்டுக்குருவி ஒரு குஞ்சுக்கு வெட்டுக்கிளி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பிள்ளையா?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"இல்லக்கா, அந்தக் கொப்புல இருக்கவளோடது. இல்ல, அவ தங்கச்சியோடதோ? யாரோடதா இருந்தா என்னக்கா, பசிக்குதுல்ல? நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க."

மரகதவல்லி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "இங்க ஸ்கூல் எது?"

"ஸ்கூலா? பாம்பு வந்தா கத்தணும், கத்தினா எல்லாரும் ஓடியாரணும். அதை நாங்களே சொல்லிக்குடுத்துருவோம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் புலம்பித் தீர்த்தாள். "சீச்சீ, என்ன ஏரியாங்க இது? யார் பிள்ளை யாருதுன்னே தெரியல. ஒரு பிரைவசி இல்ல, ஒரு ஸ்டாண்டர்டு இல்ல. இங்க வளந்தா என் பிள்ளை கத்தத்தான் கத்துக்கும்." தரகர் தலையாட்டினார்.

அப்புறம் காட்டினார் பாருங்கள் ஒரு இடம்! கருஞ்சிறகு கார்டன்ஸ். வரிசையாக மருத மரங்கள், உயரமான கொப்புகள், கொப்புக்குக் கொப்பு கன்னங்கரேலென்று காக்காக்கள். எல்லாரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் வருகிறவருக்கெல்லாம் மரியாதையாக ஒரு "கா" சொன்னார்கள்.

"எல்லாம் அசல் காக்கா மேடம்" என்றார் தரகர். "கண்ணாடி சங்கத்தோட ரூல்."

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா வடைத்துண்டு ஒன்றைக் கண்டெடுத்து "கா! கா!" என்று கூப்பிட, மொத்தக் காலனியும் வந்து கூடியது. மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. பகிர்ந்து உண்ணுகிற ஜனம்! அந்த வடையை ஒருத்தரும் கொத்தவில்லை என்பதும், பார்க்க வருகிறவர்களுக்காகப் போன மழைக்காலத்திலிருந்து அதே வடைதான் அங்கே கிடக்கிறது என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்திலேயே ஸ்கூல். கருஞ்சிறகு வித்யாலயா. முட்டையாக இருக்கும்போதே அட்மிஷன் போட்டுவிட வேண்டும், பொரித்த பிறகு வந்தால் இடம் இல்லை. அதைக் கேட்டதுமே அது நல்ல ஸ்கூல்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. அங்கே வந்த ஒருத்தரும் கேட்டதில்லையாம். பிரின்சிபால் அம்மாவும் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்.

"நம்ம பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டு மரத்துல செட்டில் ஆயிருக்காங்க" என்றார் பிரின்சிபால். அதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல். ஆண் குயில் காக்கா மாதிரியே கறுப்பு, கண் மட்டும்தான் சிவப்பு. கார்மேகம் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், காக்கா ஆகிவிடலாம். பெண் குயில் அப்படியா? பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. தரகர் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு பொட்டலம் ஹேர் டையும் இரண்டு கண்ணாடியும் எடுத்து நீட்டினார். மரகதவல்லி தலையிலிருந்து வால் வரை பூசிக்கொண்டு குடிவந்தாள். காலனி முழுக்க அதே டை வாசனை லேசாக அடித்துக்கொண்டிருந்தது. நல்ல ஏரியா என்றால் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முட்டை வைக்கும் நாள் வந்தது. இதற்கென்று குயில்களிடம் ஒரு முறை உண்டு. ஆண் குயில் காக்காவின் எதிரே போய் உட்கார்ந்துகொண்டு கூவ வேண்டும். காக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும், துரத்தும். அவன் போக்குக் காட்டிப் பறப்பான். கூடு காலி. அந்த இடைவெளியில் பெண் குயில் போய் முட்டையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட வேண்டும். எந்தக் குயிலும் தன் முட்டையை நின்று பார்த்ததில்லை.

காலனியில் சங்கச் செயலாளர் அஞ்சனமூர்த்தியின் கூடுதான் பெரிது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கார்மேகம் அவர் எதிரே போய் உட்கார்ந்து கூவினான். மரகதவல்லி இலை மறைவில் காத்திருந்தாள்.

செயலாளர் அசையவில்லை. கார்மேகம் சுருதியை ஏற்றினான். செயலாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அப்புறம், அட கண்றாவியே, அவரும் கூவ ஆரம்பித்தார்!

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு விடாமல் கூவினார்கள். மரகதவல்லிக்குப் பொறுக்க முடியவில்லை. உடம்பு தாங்கினால்தானே! குறுக்கே பறந்து, செயலாளரின் முதுகுக்குப் பின்னாலேயே கூட்டில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு முட்டையை வைத்துவிட்டாள். ஓடுவதற்குச் சிறகை விரித்தபோது காதில் விழுந்தது.

"யோவ், நீ என்னத் துரத்தணும்யா!" என்றான் கார்மேகம்.

"நானா? நீதானேய்யா என்னத் துரத்தணும்?" என்றார் செயலாளர். "நானும் குடிவந்ததுல இருந்து இங்க இருக்கவன் மூஞ்சிக்கெல்லாம் நேரா கூவிப் பாத்துட்டேன். ஒரு பயலும் துரத்த மாட்டேங்கிறான்."

"நீங்க காக்கா இல்லையா?"

"அப்ப நீங்க?"

கார்மேகம் கண்ணாடியைக் கழற்றினான். செயலாளரும் கழற்றினார். இரண்டு பேருக்கும் கண் செக்கச்செவேலென்று இருந்தது.

மரகதவல்லி திரும்பிப் பார்த்தாள். கூடு நிறைய முட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, விளிம்பு வரைக்கும் குவிந்து கிடந்தன. எல்லாம் குயில் முட்டை. அவளுடையது உருண்டு எங்கேயோ நடுவில் போய்விட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா! கொப்புக்குக் கொப்பு கண்ணாடிகள் கழன்றன. பக்கத்து மரத்து அம்மா குயில், எதிர் மரத்து ஐயா குயில், வடைக்குக் கூப்பிட்டவர் குயில். பிரின்சிபால் அம்மாவும் குயில்தான். "நான் டீச்சர் வேலையில சேந்ததே என் முட்டைக்கு சீட் கிடைக்கும்னுதான்" என்று அழுதுவிட்டார். காக்காக்கள் வளர்த்துத் தருவார்கள் என்று நம்பி எல்லாக் குயில்களும் வந்து குடியேறியிருந்தார்கள். காக்காதான் ஒன்றுகூட இல்லை.

"அசல் காக்காவெல்லாம் எங்கதான் போச்சு?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"அதுங்க எப்பவோ கூட்டையெல்லாம் அப்படியே போட்டுட்டு குப்பைமேட்டுப் பக்கம் போயிடுச்சு. அடுத்தவன் பிள்ளைய வளத்து வளத்து அலுத்துப்போச்சாம்."

"அப்ப முட்டையெல்லாம் அங்க கொண்டுபோய் வைக்கலாமே" என்றான் ஒரு அப்பாவிக் குயில்.

எல்லாரும் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். "குப்பைமேட்டுலயா? நாளைக்குப் பிள்ளைய எந்த ஏரியான்னு கேட்டா மூஞ்சிய எங்க வச்சுப்ப?"

உடனே சங்கக் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் படித்தவர்கள், ஆகவே ஒருத்தரும் போய் முட்டை மேல் உட்காரவில்லை. அடைகாப்பதற்குத் துணைக்குழு ஒன்று அமைத்தார்கள். வெளியூர்க் காக்காவை ஒப்பந்தத்தில் எடுக்கலாமா என்று விவாதித்தார்கள். "யார் உட்காருவது?" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி போட்டார் செயலாளர். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். யாராவது உட்காரட்டும் என்பதில் காலனி முழுக்க அப்படி ஒரு ஒற்றுமை!

பொழுது சாய ஆரம்பித்தது. வாடைக்காற்று கிளம்பியது. மரகதவல்லி கூட்டுக்குப் போய் ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும்தான்.

"எதுடா என்னுது?" என்று வாய்விட்டுக் கேட்டாள். எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டவளாயிற்றே. ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தால்தான் அந்த ஒன்று பிழைக்கும்.

உட்கார்ந்தாள். எப்படி உட்காருவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தன்னை வளர்த்த காக்காவின் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அந்த அடிவயிற்றுச் சூடு ஞாபகம் இருந்தது. அதை நினைத்துக்கொண்டே சிறகைத் தாழ்த்திப் பரப்பிக்கொண்டாள்.

கார்மேகம் பதறிப்போய் வந்தான். "ஏய் மரகதம், என்ன காரியம் பண்ற? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? குயிலுக்குப் பொறந்தவ செய்யற வேலையா இது?"

"போய் ஏதாவது பழம் கொண்டாங்க. பசிக்குது."

"மானம் போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். பழம் கொண்டுவந்தான், ஆனால் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான்.

விடிந்ததும் காலனி அவளைப் பார்த்தது. முட்டைமேல் உட்கார்ந்திருக்கிற ஒரு கறுப்புப் பறவை! ஒரே கைதட்டல். அவளும் குயில்தான் என்று முந்தின நாளே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தெரியாதது போல இருந்தால் எவ்வளவு வசதி பாருங்கள்! ஒவ்வொருவராகக் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

"கடைசியில நமக்கு ஒரு காக்கா கிடைச்சுட்டாங்க" என்றார் செயலாளர். குரூப்பில் அவளுக்குக் கும்பிடு படங்கள் குவிந்தன. ஒருத்தரும் ஒரு புழுவைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஓணான் தரகர் மட்டும் புதுசாக வருகிறவர்களை அவள் கூட்டுக்குக் கீழே நிறுத்தி, "அசல் காக்கா மேடம்" என்று காட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கழுத்து தானாக ஆடவில்லை, அவர் மனமறிந்தே தலையாட்டினார்.

முட்டைகள் பொரித்த அன்று பெற்றோர்கள் எல்லாம் அழகாக டை அடித்துக்கொண்டு வந்தார்கள். கொழுகொழுவென்று இருந்ததையும் பெரிய வாயாகத் திறந்ததையும் தன்னுடையது என்றார்கள். "என் மூக்கு அப்படியே இருக்கு பாருங்க" என்று நன்றாகக் கத்துகிற ஒன்றைப் பிரின்சிபால் தூக்கிக்கொண்டு போனார். கடைசியில் கூட்டில் ஒன்று மிஞ்சியது. ஒல்லியாக, ஒரு கண்ணை இன்னும் திறக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அது தன்னுடையதுதானா என்று மரகதவல்லிக்கு நிச்சயமில்லை. அது அவள் இறகுக்குள் தலையை நுழைத்துக்கொண்டபோது அந்தக் கேள்வியே அவளுக்கு மறந்துபோனது. நாதஸ்வரூப் என்று பெயர் வைத்தாள்.

முட்டையிலேயே போட்டுவைத்த அட்மிஷனைச் சொல்லி, சீட் கேட்டு ஸ்கூலுக்குப் போனாள். பிரின்சிபால் அவளை நிற்கவைத்தே பேசினார்.

"கஷ்டமாச்சே மரகதவல்லி. இது காக்காக்கள் வளர்க்கிற குயில் பிள்ளைங்களுக்கான ஸ்கூல். நீங்க பெத்ததை நீங்களே வளத்திருக்கீங்க. பேக்ரவுண்டு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே?"

"உங்க பிள்ளையையும் நான்தானே மேடம் பொரிச்சுக் குடுத்தேன்?"

"அதைத்தான் சொல்ல வர்றேன்" என்றார் பிரின்சிபால், குரலைத் தாழ்த்தி. "இந்தக் காலனிக்கு ஒரு காக்கா நிரந்தரமா வேணும். இல்லேன்னா பேர் கெட்டுப்போகும், ஸ்கூலுக்கு ஆள் வராது. நீங்க காக்காவாவே இருந்துடுங்க. டை கலையக் கூடாது, கண்ணாடி கழட்டக் கூடாது. வர்ற சீசன்ல இருந்து எல்லா முட்டையும் உங்க பொறுப்பு. ஸ்டாஃப் கோட்டாவுல உங்க பிள்ளைய எடுத்துக்கறோம்."

வெளியே வந்து புருஷனிடம் சொன்னாள். கார்மேகம் தலையைச் சொறிந்துகொண்டான். கூவிக்கூவிக் கெட்டுப்போன அந்த மண்டையிலும் எங்கேயோ கொஞ்சம் புத்தி மிச்சம் இருந்திருக்கிறது.

"பேசாம அந்தத் தவிட்டுக்குருவி புதருக்கே போயிடலாமா மரகதம்? அன்னிக்கு உன்னச் சாப்பிடச் சொன்னாங்கல்ல?"

"அங்க ஸ்கூல் இல்லையே!" என்றாள் மரகதவல்லி. அவன் புத்தி கெட்டுப் பேசுகிறான் என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. அன்று சாயங்காலமே ஒரு புதுப் பொட்டலம் டை வாங்கிக் குழைத்துப் பூசிக்கொண்டாள்.

நாதஸ்வரூப் ஸ்கூலுக்குப் போனான். முதல் நாள் முடிந்து திரும்பி வந்தவனை அவள் இறக்கை கொள்ளாமல் அணைத்துக்கொண்டாள். இந்த ஒரு நாளுக்காக அல்லவா அவள் அத்தனையும் பட்டாள்!

"இன்னிக்கு என்ன கண்ணு சொல்லிக்குடுத்தாங்க?"

"காக்கான்னா யாருன்னு சொல்லிக்குடுத்தாங்க."

"யாராம்?"

"நம்ம வேலையெல்லாம் செய்யறவங்களாம். நாம பறந்து போறப்ப அவங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னுகூட இல்லையாம்."

மரகதவல்லி அவனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். சிரிக்கப் பார்த்தாள். "நான் காக்கா இல்லடா. உன் அம்மா. நானும் குயில்தான்."

நாதஸ்வரூப் அவளை ஏற இறங்கப் பார்த்தான். டையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான்.

"காக்கா எல்லாம் அப்படித்தான் சொல்லுமாம். டீச்சர் சொன்னாங்க" என்றான். "நாளைக்கு கேட் வரைக்கும் வராத. பசங்க பாப்பாங்க."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். மரகதவல்லி புழுவை ஊட்டினாள்.

நீதி: நல்ல அக்கம்பக்கமாகப் பார்த்துக் குடிபோங்கள். அந்த அக்கம்பக்கம் நீங்களாக ஆகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.